இடதுகைப் பக்கத்து ஆட்டம்

மே 2

நாமக்கல் லோடு விடியும்போதே வந்துவிட்டது. மே மாதத்து முட்டை வியாபாரமும் பனிக்கட்டி வியாபாரமும் ஒன்றுதான். வாங்கிய நிமிடத்திலிருந்து கையை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். குமுளிக்குப் போகிற வண்டியை முதலில் அனுப்பினேன். மலையேறுகிற சரக்கு வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும்.

கடை ஓய்ந்த நேரம் பார்த்துத் திலகராஜ் போன் செய்தார். எங்கள் ஊர்க் கூடைப்பந்துப் போட்டிக்கு அவர்தான் செயலாளர்.

"அண்ணாச்சி, ஒரு நல்ல சேதி, ஒரு சங்கடமான சேதி. எதை மொதல்ல சொல்ல?"

"ஒடஞ்சதை மொதல்ல எடுத்து வைங்க."

உடைந்தது இது: இந்த வருடத்திலிருந்து ஆட்டத்துக்கு மூன்று நடுவர்கள். இரண்டு பேர் பார்த்த வேலைக்கு மூன்றாவதாக ஒருவர். நல்லது இது: பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு நான்தான் தலைமை நடுவர். ஜூனில் எனக்கு ஐம்பது. எங்கள் மாவட்டச் சங்கத்தில் ஐம்பதோடு விசிலைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே நான் ஊதப்போகும் கடைசி ஆட்டம் என் ஊரிலேயே, இறுதி ஆட்டமாகவே அமைகிறது. கேட்டு வாங்கினாலும் இப்படி ஒரு முடிவு கிடைக்காது.

நான் பந்தைத் தட்டி விளையாடியவன் இல்லை. அந்த மைதானத்து மூலையில் அவித்த முட்டை விற்றவன். விளையாடி முடித்தவர்கள் பசியோடு வருவார்கள். அவர்கள் வரும்வரை சும்மா உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்தே விதியெல்லாம் மனதில் ஏறியது. ஸ்கோர் எழுத ஆள் வராத ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். அப்புறம் விசில். இன்று தேனி, கம்பம் வட்டாரத்தில் என்னிடம் முட்டை வாங்காத ஹோட்டல் குறைவு. என் விசிலுக்கு நிற்காத அணியும் குறைவு.

ஆட்டம் முடிந்ததும் எங்கே நின்றேன், எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்று எழுதி வைப்பது நடுவர் வழக்கம். போட்டி முடியும்வரை அதையும் கடை விவகாரத்தையும் சேர்த்தே எழுதப்போகிறேன். தனித்தனியாக எழுத எனக்கு நேரம் கிடையாது.

மே 4

வண்டியின் இடது கண்ணாடி போய்விட்டது. கடை வாசல் தூண் மேல் உரசல். தூணைச் சரியாகக் கட்டவில்லை, தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றேன்.

லீலாவதி வாசலுக்கு வந்து தூணையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "நாம கடை வாங்கினதுல இருந்து அது அங்கனதாங்க நிக்குது. நேத்து ராத்திரியா நடந்து வந்துச்சு?"

என் பெண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி. கல்லாவில் உட்கார்ந்து பழகியவள்.

மே 6

மைதானத்தில் மூன்று பேர் முறைக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தது ஷர்மிளா பானு. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர், என் மகள் வயது. இந்த முறையைப் பெங்களூருக்குப் போய்ப் படித்து வந்திருக்கிறது. மூன்றாவது ஆள் செபஸ்தியான். மின்வாரிய லைன்மேன். எனக்கு அடுத்து விசில் பிடித்தவன். எத்தனையோ வருடமாக நானும் அவனும் ஜோடி. என்னை 'அண்ணே' என்பான், ஆனால் பெரும்பாலும் வாயைத் திறக்க மாட்டான்.

முறையில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் கூடைக்குக் கீழே எல்லைக்கோட்டில் நிற்கிறார், அவர் லீட். ஒருவர் பந்து இருக்கிற பக்கம் ஆட்டத்துக்குப் பின்னால் வருகிறார், அவர் டிரெயில். மூன்றாமவர் பந்து இல்லாத பக்கம், எதிர்க்கோட்டின் ஓரம் நிற்கிறார், அவர் சென்டர். ஆளுக்கு ஒரு ஏரியா. எல்லாரும் பந்தையே பார்த்தால் பந்து இல்லாத இடத்தில் நடக்கிற கிள்ளலும் இடியும் யார் கண்ணிலும் படாது. அதனால் உன் ஏரியாவை நீ பார், அடுத்தவன் ஏரியாவை அவனை நம்பி விடு. நான் சப்ளை செய்கிற லைன் மாதிரிதான். கம்பம் லைன் ஒருவருக்கு, போடி லைன் ஒருவருக்கு. ஒருவர் லைனில் இன்னொருவர் முட்டை இறக்கினால் வியாபாரமும் கெடும், உறவும் கெடும்.

எனக்குப் பெரும்பாலும் சென்டர் விழுகிறது. பிடிக்கவில்லை. சில நேரம் ஆட்டம் முழுக்க இடதுகைப் பக்கம் வந்துவிடுகிறது. பழக்கமில்லாததால் கழுத்து வலிக்கிறது.

"அண்ணே, அந்தப் பக்கம் ரெண்டு பேர் மாறி மாறி வந்தாங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டது ஷர்மிளா.

"பாத்தேன்."

"நான் சும்மா கேட்டேன். யாரும் வரலை."

பெண் பிள்ளைக்கு இந்தக் குறும்பு ஆகாது. செபஸ்தியான் சிரிக்கவில்லை. ஷூ லேசை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

மே 8

போட்டி தொடங்கியது. இரண்டு ஆட்டம் ஊதினேன்.

முதல் பாதியில் ஒரு அணியின் பயிற்சியாளர் கத்தினார்: "சார், உங்க முன்னாடியே கையைப் பிடிச்சு இழுக்கிறா!" இரண்டாம் பாதியில் கூடை மாறியதும் அதே இடத்திலிருந்து மற்றவர் கத்தினார். கூட்டத்தில் ஒரு பொல்லாதவன், "அண்ணாச்சிக்கு முட்டையில விரிசல் தெரியும், ஆட்டத்துல தெரியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்தோடு சிரிக்காத நடுவர் ஊருக்குள் நடமாட முடியாது.

வியாபாரத்தில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு: வாங்குகிறவனும் விற்கிறவனும் சேர்ந்து திட்டினால் தரகன் நியாயமாக இருந்தான் என்று அர்த்தம். இரண்டு அணியும் திட்டின. நன்றாகவே ஊதியிருக்கிறேன்.

மே 9

நல்லபடியாகப் போகவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். காரணம் செபஸ்தியான்.

என் ஏரியாவில் மூன்று தடவை விசில் ஊதினான். அவன் டிரெயில், நான் சென்டர். கோர்ட்டின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி ஃபவுலை ஊதுகிறான். கூட்டம் என்ன நினைக்கும்? கிழவனுக்கு ஆகவில்லை, ஆள் வைத்து ஓட்டுகிறான் என்றுதானே?

ஆட்டம் முடிந்து தண்ணீர்த் தொட்டியடியில் பிடித்தேன். "ஏண்டா, என் லைன்ல நீ எதுக்கு முட்டை போடுற?"

"ஃபவுல் இருந்துச்சுண்ணே."

"இருந்தா நான் ஊத மாட்டேனா?"

அவன் முகத்தைக் கழுவினான், துடைத்தான், மறுபடியும் கழுவினான். "இருந்துச்சுண்ணே" என்றான்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. நான் போனால் தலைமை நடுவர் இடம் அவனுக்கு. ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. நான் வளர்ந்து வந்தவன். ஏறுகிறவன் கால் எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியும்.

மே 10

கம்பத்திலிருந்து புகார். விரிசல் முட்டை அதிகமாம். இருபது வருடத்தில் முதல் தடவை. பேச்சியைக் கூப்பிட்டுக் கத்தினேன். தரம் பிரிக்கிற பெண்களில் மூத்தவள் அவள்.

"அண்ணாச்சி, வலது பக்க அடுக்கு நான் பாத்தது. இடது பக்கம் நீங்க பாத்து, சரின்னு சொல்லி ஏத்தினது" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மே 11

திலகராஜிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நான் மனதில் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை. "செபஸ்தியான் என் ஏரியாவுல கை வைக்கிறான். இறுதி ஆட்டத்துலயும் இதைச் செஞ்சா ஊர் சிரிக்கும்" என்றேன்.

திலகராஜ் யோசித்தார். "அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லையே அண்ணாச்சி."

"எந்த ஆளும் அப்படிப்பட்ட ஆள் இல்லை, இடம் காலியாகிற வரைக்கும்."

அவனைக் கண்டித்து வைப்பதாகவும், இறுதி ஆட்டத்துக்கு அவனுக்குப் பதிலாக மதுரையிலிருந்து ஒருவரை வரவழைப்பதாகவும் சொன்னார். அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மே 12

பெண்கள் பிரிவில் கடைசி லீக் ஆட்டம்; புள்ளிக் கணக்கில் முதல் இரண்டு அணிகள் இறுதிக்கு. மணப்பாறை அணிக்கும் போன வருடத்துச் சாம்பியனான ஸ்டார் கிளப்புக்கும். நிதானமாக எழுதுகிறேன்.

செபஸ்தியான் இன்று தன் ஏரியாவோடு நின்றான். என் பக்கம் ஒரு விசில் இல்லை. எனக்கு நிம்மதி. ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கிறேன் என்ற திருப்தி மூன்றாவது கால்பகுதி வரை இருந்தது.

கடைசிக் கால்பகுதி. மணப்பாறை இரண்டு புள்ளி முன்னால். நான் சென்டர், ஆட்டம் எனக்கு இடதுகைப் பக்கம். எதிர் ஓரத்திலிருந்து பந்து கூடைக்குப் போனது. நான் கூடையடியில் துள்ளுகிறவர்களைப் பார்த்தேன். ஷர்மிளா கீழே லீட். செபஸ்தியான் பந்தை எறிந்தவளோடு நின்றான். அது அவன் வேலை. மூன்று பேரும் சரியான இடத்தில்தான் நின்றோம்.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அடுத்து ஷர்மிளாவின் விசில். திரும்பினால் மணப்பாறையின் பதினோராம் நம்பர், இன்பரசி என்ற பெண், ஸ்டார் கிளப் பெண்ணின் முகத்தைக் கையால் தள்ளிவிட்டு நிற்கிறாள். இன்பரசியின் வாயில் ரத்தம். பல் ஒன்று அசைகிறது. "முழங்கையால இடிச்சா! அவதான் மொதல்ல இடிச்சா!" என்று ரத்தத்தோடு சொல்கிறாள்.

ஷர்மிளா எங்கள் இருவரையும் கூப்பிட்டது. "நான் ரெண்டாவதைத்தான் பாத்தேன். முகத்துல கை வச்சது தெரியும். மொதல்ல நடந்தது யாருக்குத் தெரியும்?"

செபஸ்தியான் தரையைப் பார்த்தான். "நான் என் ஏரியாவுல இருந்தேன்" என்றான். அந்த வாக்கியத்தை எனக்கென்றே கொண்டுவந்து வைத்தான்.

ஷர்மிளா என்னைப் பார்த்தது. நான் தலைமை நடுவர். "ஒண்ணும் நடக்கலை" என்றேன்.

இன்பரசி வெளியேற்றப்பட்டாள். ஆட்டத்தை மணப்பாறை எப்படியோ பிடித்துக்கொண்டது. புள்ளிக் கணக்கில் ஸ்டார் கிளப்பும் இறுதிக்கு வந்துவிட்டது. ஆனால் வெளியேற்றப்பட்டவள் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது; அடுத்தது இறுதி ஆட்டம். போட்டிக் குழு நாளை மறுநாள் கூடி முடிவு செய்யும்.

யாரோ எடுத்த வீடியோ இரவுக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதிலும் இரண்டாவது அடிதான் இருக்கிறது. எல்லாரும் போனைப் பந்தின் பின்னால் ஓட்டியிருக்கிறார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்று ஏன் சொன்னேன்? 'பார்க்கவில்லை' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திவிட்டது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மே 13

காலையில் கடையில் கூட்டம். பில் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு, "சார்" என்று ஒரு குரல்.

எங்கிருந்து என்று தெரியவில்லை. முதலில் வாசலைப் பார்த்தேன்.

"இங்க, சார்."

கல்லாவுக்கு இடது ஓரத்தில், அட்டை அடுக்குக்குப் பக்கத்தில், இன்பரசி. உதடு வீங்கியிருந்தது. பின்னால் அவள் பயிற்சியாளரின் மனைவி.

"எப்ப வந்தீங்க?"

"அப்பவே வந்துட்டோம் சார். நீங்க ரெண்டு தடவை இந்தப் பக்கம் பாத்தீங்க. வேலையா இருக்கீங்கன்னு நின்னோம்."

நாற்காலி போடச் சொன்னேன். உட்காரவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை. வரும்போது பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருப்பாள், அது மறந்துவிட்டது.

"ஃபைனலைப் பாக்க ஒரு பேங்க் டீம்ல இருந்து வர்றாங்க சார். ஒரு இடம்தான் இருக்காம். போன மாசமே என் பேரைக் கேட்டிருக்காங்க. அப்பா தறி ஓட்டுறாரு. தங்கச்சி ரெண்டு பேரு." அங்கேயே நிறுத்திவிட்டு வேறு ஒன்று கேட்டாள். "சார், அவ இடிக்கிறப்ப நான் உங்களுக்கு நேராத்தான் நின்னேன். உங்க மூஞ்சி என் பக்கம்தான் இருந்துச்சு. நீங்க பாத்தீங்கன்னுதான் நான் கையைத் தூக்காம நின்னேன். நீங்க ஊதலை. அதுக்கப்புறம்தான் சார் எனக்குக் கோவம் வந்துச்சு. ஏன் சார் ஊதலை?"

"குழு கூடும்மா. பேசுவாங்க" என்றேன்.

அவளுக்கு ஒரு அட்டை முட்டை கொடுத்து அனுப்பப் பார்த்தேன். "பல் அசையுது சார், ஆனா நன்றி" என்று சொல்லிப் போனாள். அவித்தால் மெல்ல வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து லீலாவதியிடம் ஒரு முட்டையைக் கொடுத்தேன். என் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நேராகச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். முட்டையை என் இடது காதுப் பக்கமிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவரச் சொன்னேன்.

"தெரியுதா?"

"இன்னும் வா."

"இப்ப?"

"நீ கொண்டுவரவே இல்லை."

"கையே வலிக்குதுங்க. இப்பவாச்சும் தெரியுதா?"

"எங்க வச்சிருக்க?"

"உங்க மூக்குக்கு நேரா வச்சிருக்கேன்" என்றாள்.

லீலாவுக்கு முட்டையைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை.

மாலை பஜாருக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். அவள் என் வலது பக்கம் வந்தாள். நான் நின்று அவளை இடது பக்கம் விட்டேன். நாலு எட்டில் சுற்றிக்கொண்டு மறுபடி வலது பக்கம் வந்துவிட்டாள்.

"ஏன் இப்படிச் சுத்துற?"

"அந்தப் பக்கம் வந்தா இடிக்கிறீங்க. ரெண்டு வருஷமாச்சு, இப்பத்தான் கேக்குறீங்க."

மே 14

குழு கூடுவதற்கு முன்னால் செபஸ்தியானைப் போய்ப் பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குக் கீழே கையுறையோடு நின்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். என் கிளாஸை அவன் எனக்கு இடது கைப் பக்கம் வைக்கவில்லை. சுற்றி வந்து வலது பக்கம் வைத்தான்.

"ஒனக்கும் தெரியுமா?" என்றேன்.

"மூணு பேர் முறை வந்தப்புறம்தாண்ணே தெரிஞ்சுச்சு."

அவன் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. தூசியில் குச்சியால் கோர்ட்டை வரைந்தான். "ரெண்டு பேர் ஊதுறப்ப டிரெயில் எங்க நிப்பான்? ஆட்டத்துக்கு இடது ஓரம். அப்ப ஆட்டம் அவனுக்கு வலது பக்கம். பந்து அங்கிட்டுப் போனா அதே ஓரமா ஓடி லீட் ஆகித் திரும்பி நிக்கிறான். அப்பவும் ஆட்டம் வலது பக்கம். நம்ம ரெண்டு பேரும் ஊதின வருஷமெல்லாம் உங்க இடது பக்கம் வெறும் கோடும் கூட்டமும்தாண்ணே. கண்ணு போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்? இப்ப சென்டர் நிக்கிறீங்க. ஒரு கூடைக்கு ஆட்டம் வலது பக்கம். அங்க ஒரு தப்பு விடலை. இன்னொரு கூடைக்கு ஆட்டம் இடது பக்கம், அங்க விட்டீங்க. எல்லாமே அங்கதாண்ணே."

"அதான் நீ ஊதினியா?"

"ம்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

டீயைக் குடித்து முடித்தான். "சொன்னா, என் இடத்துக்கு ஆசைப்படுறான்னு செயலாளர்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

குழுவில் ஐந்து பேர். திலகராஜ் என்னை முன்னாலேயே வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. நடுவுல ஒரு ஆள் மறைச்சிருச்சு, மொத இடியைப் பாக்க முடியலைன்னு சொல்லிருங்க. ரத்தம் வந்திருக்கு, டாக்டர் சீட்டு இருக்கு. சந்தேகத்தோட பலனை அந்தப் பொண்ணுக்குக் குடுத்து ஆட விட்டுருவோம். ஒங்களுக்கும் ஃபைனல், அவளுக்கும் ஃபைனல். யாருக்கும் நட்டம் இல்லை."

யாருக்கும் நட்டமில்லாத வியாபாரம் தினமும் வாய்க்காது. உள்ளே போனேன். "ஒரு ஆள் மறைச்சிருச்சு" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். இன்பரசி ஆடலாம். ஸ்டார் கிளப் முணுமுணுத்தது, அவ்வளவுதான்.

வெளியே நின்ற அந்தப் பெண் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கையை உடனே இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மே 15

தேனியில் கண் ஆஸ்பத்திரி. லீலாவதி விடவில்லை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே புள்ளி வெளிச்சம் வருமாம். வந்தால் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டுமாம். இடது கண்ணுக்கு வந்தபோது வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே வராமல் இருக்காது என்று கணக்குப் போட்டு இடைவெளி விட்டு விட்டு அமுக்கினேன்.

மிஷின் பார்க்கிற பெண் நிறுத்தியது. "சார், லைட் வராதப்பல்லாம் அமுக்குறீங்க."

"வந்துச்சே."

"மிஷினை ஏமாத்தலாம் சார். வீட்டுக்குப் போறப்ப ரோட்டை ஏமாத்த முடியாது. மறுபடி மொதல்ல இருந்து, ம்?"

மறுபடி செய்தேன். அமுக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. வலியில்லாமல், சொல்லாமல். இடது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. "போனது போனதுதான். வலது கண்ணைக் காப்பாத்தலாம், சொட்டு மருந்தை ஒருநாள் கூட விடாம போட்டா" என்றார் டாக்டர். காரோட்டக் கூடாது என்றார்.

"நாளைக்கு ஒரு மேட்ச் இருக்கு" என்றேன்.

"பாக்கவா, ஆடவா?"

"ஊத."

டாக்டர் லீலாவதியைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரே ஒரு ஆட்டம். பழகிய மைதானம். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சமாளிக்கலாம். இத்தனை நாளும் சமாளித்துத்தானே வந்திருக்கிறேன்.

மே 16

கடையைத் திறந்ததும் பேச்சியிடம், இனி இரண்டு அடுக்கையும் நீயே பார் என்றேன். "கூலி?" என்றாள். ஏற்றிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பதை விட அது இருவருக்கும் சுலபம்.

மாலை ஐந்துக்கே மைதானம் நிறைந்துவிட்டது. என் நடுவர் சட்டையை லீலாவதி தேய்த்து வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 'போகாதீர்கள்' என்று சொன்னால் சண்டை போட்டாவது போயிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

நடுவர் அறையில் ஷர்மிளாவும் மதுரைக்காரரும் தயாராக இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்து யார் எதைப் பார்ப்பது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். தலைமை நடுவர்தான் தொடங்க வேண்டும்.

"பந்து எதிர் ஓரத்துல இருந்து கூடைக்குப் போறப்ப சென்டர் எதைப் பாக்கணும்?" என்றேன், வழக்கம்போல.

"பந்து இல்லாத பக்கம் எல்லாத்தையும்" என்றது ஷர்மிளா. பிறகு, இந்தத் தடவை குறும்பு இல்லாமல், "அண்ணே, அந்தப் பொண்ணு இன்னிக்கும் அங்கதான் நிப்பா" என்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்பரசி உதட்டில் பிளாஸ்டரோடு கூடைக்கு எறிந்து பழகிக்கொண்டிருந்தாள். ஸ்டார் கிளப்பின் அந்தப் பெண்ணும் இருந்தாள். இருவருக்கும் தண்டனை இல்லை. ஏனென்றால் நடுவில் ஒரு ஆள் மறைத்தது. அந்த ஆள் இன்றைக்கும் என் இடது கண்ணுக்குள் நிற்கிறான். நான் சென்டர் நின்றால் அவளுக்கு விழுகிற இன்னொரு முழங்கை அவனுக்குப் பின்னால்தான் விழும். அப்போதும் அவள் கையைத் தூக்காமல் நிற்பாள், நான் பார்க்கிறேன் என்று நம்பி.

எழுந்து போய்த் திலகராஜைத் தேடினேன். மேடையடியில் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாள் குழுவுல சொன்ன மாதிரி ஆள் யாரும் மறைக்கலை. எனக்கு இடது கண்ணு தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டு சட்டைப்பையில இருக்கு. இதை நீங்க மைக்கில சொன்னாலும் சரி."

"அண்ணாச்சி, ஆட்டம் தொடங்கப்போகுது! இப்பப் போய்... முடிஞ்சப்புறம் பேசக்கூடாதா?"

"முடிஞ்சப்புறம் சொன்னா அது வெறும் பேச்சு."

"இப்ப ஆளுக்கு நான் எங்க போக?"

கூட்டத்தில் மேல் படியில் செபஸ்தியான் உட்கார்ந்திருந்தான். வேட்டி சட்டை. காலுக்கடியில் பை. நடுவர் உடுப்பும் விசிலும் இருக்கிற அந்தப் பையை அவன் கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோவான் என்பது எனக்குத் தெரியும். கையைக் காட்டினேன். அவன் தனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான்.

இறங்கி வந்தவனிடம், "என் லைனை நீ எடுத்துக்க" என்றேன்.

"ஒரு நாளைக்கா?"

"லைன் முடியிற வரைக்கும், ஒரேயடியா. உன்னைப் பத்தித் திலகராஜ்கிட்டச் சொன்னதையும் திருப்பி எடுத்துக்கிறேன்."

தலையை ஆட்டினான். விசிலைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து தன் விசிலை எடுத்தான். "உங்களுது ரொம்பக் கீச்சுண்ணே" என்றான்.

நடுவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்த என்னைச் சாதாரணச் சட்டையில் பார்த்ததும் கூட்டம் ஊளையிட்டது. "அண்ணாச்சி, முட்டை விக்க வந்தாச்சா?" என்றது அதே பொல்லாத குரல்.

எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே போனால் பாதி கோர்ட் தெரியாது. கடைசியில் மைதானத்தின் இடது கோடி மூலைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்தால் ஆட்டம் முழுவதும் வலதுகைப் பக்கம். உட்கார்ந்த பிறகுதான் அந்த மூலை எது என்று ஞாபகம் வந்தது. இப்போது அங்கே ஒருவர் மாங்காய் விற்கிறார்.

மூன்றாவது கால்பகுதியில், பந்து இல்லாத பக்கம், ஸ்டார் கிளப் பெண்ணின் முழங்கை இன்பரசியை நோக்கி எழுந்தது. முழுதாக எழுவதற்குள் சென்டரிலிருந்து விசில். செபஸ்தியானின் தடித்த விசில். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதற்கு ஊதினான் என்றே புரியவில்லை. எனக்கும் முதலில் தெரியவில்லை, ஆனால் அவன் கை எங்கே காட்டுகிறது என்று பார்த்தேன், அங்கே அந்த முழங்கை இருந்தது.

மணப்பாறை தோற்றுவிட்டது. இன்பரசி நன்றாக ஆடினாள், ஆனால் கடைசி எறிதலை விட்டாள். பேங்க்காரர்கள் அவளிடம் பேசினார்களா, இல்லையா என்று தெரியவில்லை. விசாரிக்கவில்லை. அதை விசாரிக்கிற இடத்தில் நான் இல்லை.

கூட்டம் கலைந்தது. மாங்காய்க்காரர் கூடையை மூடினார். நான் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் வெகுநேரமாக மல்லிகை வாசம் அடிப்பது போலிருந்தது.

தலையைத் திருப்பினேன். தோள் வரைக்கும், முழுதாக. லீலாவதி உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"மொதல்ல இருந்தே இருக்கேன்" என்றாள்.